தோட்டா விலை இறங்கவே இறங்காதா?

கேள்வி: பாபநாசம் பக்கம், கொள்ளிடக் கரையோரம் எங்கள் வயல். பயிர்ப் பாதுகாப்புக்காக அப்பா காலத்தில் வாங்கிய பன்னிரண்டு போர் (12 bore, குழலின் அளவு) ஒற்றைக்குழல் துப்பாக்கி இருக்கிறது. உரிமம் இப்போது என் பெயரில். தோட்டா வாங்கப் போகும்போதெல்லாம் விலை ஏறியிருக்கிறது. கேட்டால் ஈயம் ஏறிவிட்டது என்கிறார் கடைக்காரர். உண்மையா? மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

பதில்: அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் முழுசும் இல்லை.

2003-இல் உலகச் சந்தையில் ஈயம் டன் 500 டாலரை ஒட்டி இருந்தது. 2024-இல் 2,000 டாலரைத் தாண்டியது. சுமார் நாலு மடங்கு. அதே காலத்தில் சாதா ரக நெல்லின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 550 ரூபாயிலிருந்து 2,300 ஆனது. அதுவும் நாலு மடங்குதானே என்பீர்கள். சரி, ஆனால் ஈயத்தின் விலை டாலரில். 46 ரூபாயாக இருந்த டாலர் 84-க்குப் போய்விட்டது. ஆக, ரூபாயில் பார்த்தால் ஈயம் ஏழு மடங்கு. நெல் போட்ட காசில் தோட்டா வாங்குகிறவருக்கு அது உறைக்கத்தான் செய்யும்.

இருந்தாலும் ஒரு தோட்டாவில் ரவை, அதாவது உள்ளே இருக்கும் ஈயக் குண்டுமணிகள், எவ்வளவு? சுமார் 30 கிராம். அந்த ஈயத்துக்குச் சந்தை விலை ஐந்தாறு ரூபாய்க்குள்தான். நீங்கள் கொடுக்கும் மீதிக் காசு வேறெங்கோ போகிறது.

முதலில் மருந்து, அதாவது ரவையைத் தள்ளும் வெடிமருந்து. புகையில்லா மருந்துக்கு அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ்; பஞ்சை அமிலத்தில் ஊற வைத்துச் செய்வது. பீரங்கிக் குண்டுக்கும் இதுதான் வேண்டும். 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதிலிருந்து உலகம் முழுக்க இதற்கு இழுபறி. அப்புறம் பித்தளை அடிப்பாகம், அதாவது செம்பு. செம்பு விலை உங்கள் மோட்டாருக்குக் காயில் கட்டும்போதே தெரிந்திருக்கும்.

இன்னொன்று, செய்கிற இடங்கள் மிகக் குறைவு. புனே பக்கத்துக் கட்கியில் 1869-இல் தொடங்கிய அரசுத் தொழிற்சாலைதான் இந்தச் சரக்கில் பழைய பெயர். அங்கே ராணுவத் தேவை முதலில், நம்முடையது அதற்குப் பிறகு. வெடிபொருள் என்பதால் சாதாரண பார்சல் லாரியில் ஏற்ற முடியாது. கடைக்காரருக்கும் உரிமம், இருப்புப் பதிவேடு என்று செலவு. விற்பதோ கொஞ்சம். அந்தச் செலவெல்லாம் அந்தச் சில பெட்டிகளின் தலையில்தான் விழும். விலை இறங்காததற்கு ஈயத்தைவிட இதையே நான் பெரிய காரணமாகச் சொல்வேன்.

மொத்தமாக வாங்குவதற்கு உங்கள் உரிமப் புத்தகமே விடமாட்டாது. எத்தனை வாங்கலாம், எத்தனை கையில் வைத்திருக்கலாம் என்று அதிலேயே இருக்கும். பக்கத்து ஊர்க்காரரிடம் கைமாற்றாக வாங்குவது, காலித் தோட்டாவில் வீட்டிலேயே மருந்து அடைப்பது இரண்டும் ஆயுதச் சட்டத்தில் குற்றம். பில் போட்டு, புத்தகத்தில் பதிந்தே வாங்குங்கள். விலையை இன்னொரு கடையிலும் கேளுங்கள். பன்றியே ஆனாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் சுடக் கூடாது, மயில் பக்கம் திரும்பவே வேண்டாம்.

உள்ளதைக் கெடாமல் வைத்துக்கொள்வதுதான் மிச்சம். ஐப்பசி மழையில் பித்தளை பச்சை பிடிக்கும், காகித உறை ஊதிக் குழலுக்குள் போகாது. பத்தாயத்தில் செருகி வைக்காதீர்கள், நெல்லின் ஈரம் தாக்கும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, உலர்ந்த அலமாரியில் பூட்டி வையுங்கள்.