பேரிங்தானா என்று முதலில் கையால் சுற்றிப் பாருங்கள்

ஐந்து வருட ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷின், ஸ்பின்னில் மட்டும் லாரி போகிற மாதிரி சத்தம், மெக்கானிக் நேரில் பார்க்காமலேயே போனில் "பேரிங் (டிரம் சுழல்வதைத் தாங்கும் பாகம்) போச்சு" என்றார் என எழுதியிருந்தீர்கள். அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். ஆனால் பணம் கொடுக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காலி டிரம்மைக் கையால் சுற்றுங்கள். மணல் அரைபடுவது போலக் கரகரவென்று வந்தால் பேரிங் மேல் சந்தேகப்படலாம். டிரம் விளிம்பைத் தூக்கி அசையுங்கள். வெளி டப்போடு (டிரம்மைச் சுற்றியுள்ள தொட்டி) சேர்ந்து ஆடினால் பயமில்லை, அது ஸ்பிரிங்கில்தான் தொங்குகிறது. டிரம் மட்டும் தனியாக லொடலொடத்தால் பேரிங்தான்.

சுற்றும்போது வழுக்கிக்கொண்டு போனால், கீழே உள்ள சின்ன மூடியைத் திறந்து தண்ணீரை வெளியேற்றும் பம்பின் ஃபில்டரைப் பாருங்கள் (தண்ணீர் கொட்டும், தட்டு வையுங்கள்). ஸ்பின்னின்போது பம்பும் ஓடுவதால் இரண்டு சத்தமும் குழம்பும். எங்கள் வீட்டில் மாட்டியது ஒரு இரண்டு ரூபாய் நாணயம்!

பேரிங் என்றே உறுதியானால் தள்ளிப்போடாதீர்கள், டிரம்மின் அச்சான ஷாஃப்ட்டும் தேய்ந்துவிடும். ஒன்று மட்டும் முதலிலேயே கேளுங்கள்: சில மாடல்களில் டப்பைப் பிரிக்க முடியாதபடி ஒட்டியிருப்பார்கள், முழு டப்பையே மாற்றச் சொல்வார்கள்.