'ரன்' என்றால் ஓடு மட்டும்தானா?

கேள்வி: கேரளத்தில் பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறையில் தமிழ் மீடியத்தில் படித்தவன் நான். இப்போது கஞ்சிக்கோட்டில் ஒரு பேக்கிங் கம்பெனியில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். மேனேஜர் வாட்ஸ்அப்பில் இங்கிலீஷில்தான் எழுதுவார். 'ரன் இட் பை மீ பிஃபோர் யூ ஸ்டார்ட்' என்று போட்டிருந்தார். அவர் பார்க்கும்படி மெஷினை ஓட்டச் சொல்கிறார் என்று நினைத்து ஓட்டிவிட்டேன், திட்டு விழுந்தது. டிக்‌ஷனரியில் 'ரன்'னுக்குப் பக்கம் பக்கமாக அர்த்தம் இருக்கிறது. இதை எப்படித்தான் படிப்பது?

பதில்: 'ஆரம்பிக்கும் முன் என்னிடம் சொல்லி, சரிதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள்' என்பதுதான் அவர் சொன்னது. இதில் மெஷினும் இல்லை, ஓட்டமும் இல்லை.

ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி 'ரன்' என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள் கொடுக்கிறது. 1989 பதிப்பில் அதிகப் பொருள் கொண்ட சொல்லாக முதலிடத்தில் இருந்தது 'செட்'. பிறகு வந்த திருத்தத்தில் ரன் முந்திவிட்டது. இங்கிலீஷ்காரர்கள் யாரும் இவற்றை மனப்பாடம் செய்வதில்லை. நீங்களும் செய்ய வேண்டாம்.

பாதி வேலையைத் தமிழே முடித்து வைத்திருக்கிறது. பஸ் ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, படம் ஓடுகிறது, கடை நன்றாக ஓடுகிறது. உங்கள் பக்கத்து மலையாளத்திலும் வண்டி ஓடும், படம் ஓடும். இந்த இடங்களில் ரன் தானாகவே புரிந்துவிடும். ஆள் ஒருவர் கடையையோ கம்பெனியையோ 'ரன்' செய்கிறார் என்றால் மட்டும் 'நடத்துகிறார்' என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

சிக்கல் ரன்னுக்குப் பின்னால் ஒட்டும் குட்டிச் சொற்களில் இருக்கிறது. உங்களை மாட்டிவிட்டது 'பை'. 'ரன் இண்டூ' என்றால் எதிர்பாராமல் சந்திப்பது, வண்டியானால் மோதுவது. 'ரன் த்ரூ' என்றால் ஒருமுறை மேலோட்டமாகப் பார்ப்பது. 'வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் கார்ட்டன்ஸ்' என்றால் அட்டைப்பெட்டி தீர்ந்துவிட்டது. கிரிக்கெட் பார்த்த பழக்கத்தில் யாரோ அவுட் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்! ஆகவே ரன்னைப் பார்த்ததும் அங்கேயே நிற்காமல் அடுத்த இரண்டு சொற்களையும் சேர்த்துப் படியுங்கள்.

அதைவிடக் கவனமாக இருக்க வேண்டியது 'டிரை ரன்'. ஆபீஸ் பேச்சில் இது ஒத்திகை. சரக்கு ஏற்றாமல் கன்வேயர் பெல்ட் லைனை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதும் இதில் அடங்கும். ஆனால் பம்ப் என்று வந்துவிட்டால் இதே சொல் ஒரு கோளாறின் பெயர். உங்கள் ஊரில் போர்வெல் வைத்திருக்கும் விவசாயியைக் கேட்டால் சொல்வார்: தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடுவதுதான் டிரை ரன். தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் சப்மெர்சிபிள் மோட்டாருக்குச் சுற்றியுள்ள தண்ணீர்தான் குளிர்ச்சி. அது வற்றினால் சூடேறிக் கெட்டுப்போகும். அதனால்தான் ஸ்டார்ட்டர் பேனலில் டிரை ரன் பாதுகாப்பு வைக்கிறார்கள். சுமை குறைந்து கரண்ட் இறங்கியதும் அது மோட்டாரை நிறுத்திவிடும். ஆக, 'டூ எ டிரை ரன்' என்று மெசேஜ் வந்தால் எதைப் பற்றிய பேச்சு என்று முதலில் பாருங்கள். கன்வேயர் என்றால் ஓட்டலாம். பம்ப் என்றால் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

டிக்‌ஷனரி வாங்குவதானால் கற்பவர்களுக்கென்று தயாரித்த லேர்னர்ஸ் டிக்‌ஷனரியாக வாங்குங்கள். பேரகராதி சொல்லின் வரலாற்றைப் பின்தொடர்ந்து பழைய பொருளிலிருந்து தொடங்கும், நமக்கு அது உதவாது. லேர்னர்ஸ் டிக்‌ஷனரியில் குட்டிச் சொல் ஒட்டிய ரன்களைத் தனியாகத் தொகுத்திருப்பார்கள். என்னைக் கேட்டால் அந்தப் பகுதி மட்டும் போதும். அப்புறம், மேனேஜரின் மெசேஜில் வரும் ரன் வாக்கியங்களை முழுதாக ஒரு நோட்டில் எழுதி, கீழே என்ன வேலை நடந்தது என்று தமிழில் குறித்து வையுங்கள். ஒரு மேனேஜர் பயன்படுத்தும் ரன்கள் பத்துப் பன்னிரண்டைத் தாண்டாது.

அதுவரை சந்தேகம் வந்தால் ரன்னை விட்டுவிட்டு, வேறு அர்த்தத்துக்கு இடம் தராத சொல்லால் திருப்பிக் கேளுங்கள்: 'ஷல் ஐ ஸ்டார்ட் த மெஷின், ஆர் வெயிட் ஃபார் யூ?'