காட்டுச் சாலையோரம் டென்ட் போட்டுக் கூத்தடிப்பவர்களை எப்படி நிறுத்துவது?

கேள்வி: எங்கள் கிராமம் மலைப்பாதையில், காப்புக்காட்டை ஒட்டி இருக்கிறது. ஊருக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால், சாலைக்கும் ஓடைக்கும் நடுவில் கொஞ்சம் சமதளம். சனிக்கிழமை வந்தால் பத்துப் பதினைந்து கார்கள் அங்கே நிற்கின்றன. டென்ட் போடுகிறார்கள், விறகு பொறுக்கித் தீ மூட்டுகிறார்கள், விடிய விடிய குடியும் பாட்டும். காலையில் போய்ப் பார்த்தால் உடைந்த பாட்டில், பிளாஸ்டிக் தட்டு, பாதி எரிந்த கட்டை. யானை ஓடைக்கு இறங்கும் வழி அது. போலீஸில் சொன்னால் ‘அது காடு, ஃபாரஸ்ட்டில் சொல்லுங்கள்’ என்கிறார்கள். ஃபாரஸ்ட்டில் சொன்னால் ‘சாலையோரம்தானே, ஹைவேஸைக் கேளுங்கள்’ என்கிறார்கள். போன மாதம் எங்கள் ஊர்ப் பையன்கள் தட்டிக் கேட்கப் போய் வாய்த்தகராறு ஆகிவிட்டது. ஒரு காரை மறித்துச் சாவியை எடுத்து வந்துவிட்டார்கள். இப்போது கார்க்காரர் அவர்கள் மேல் புகார் கொடுக்கப் போவதாகச் சொல்கிறார். நாங்கள் என்ன செய்வது?

பதில்: முதலில் பையன்கள் விஷயம். அதுதான் அவசரம்.

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் வண்டியை மறித்ததும் சாவியைப் பிடுங்கியதும் சட்டத்தின் கண்ணில் தனிக் குற்றம். ஒருவரைப் போகவிடாமல் தடுத்தால் இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 126-வது பிரிவின்படி ஒரு மாதம் வரை வெறுங்காவல் (கடின உழைப்பில்லாத சிறை), அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 341 என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். டயரில் காற்றைப் பிடுங்கினாலோ கண்ணாடியை உடைத்தாலோ சொத்துச் சேதப் பிரிவும் சேரும். ‘தப்பு செய்தவனைப் பிடித்து வைக்க எங்களுக்கு உரிமை இல்லையா?’ என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் மிகக் குறுகிய உரிமை. கண்ணெதிரே ஜாமீனில் விட முடியாத, போலீஸ் நேரடியாகக் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்தால் மட்டும்தான் பொதுமக்களில் ஒருவர் ஆளைப் பிடிக்கலாம். 6 மணி நேரத்துக்குள் போலீஸில் ஒப்படைத்தாக வேண்டும். குப்பை போட்டதும் பாட்டு வைத்ததும் அந்தக் கணக்கில் வராது.

இதே மாதிரி ஒரு வழக்கில் நான் ஆஜராகியிருக்கிறேன். குப்பை போட்டவர்கள் ஆயிரம் ரூபாய் அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். தடுக்கப் போனவர்கள் ஒன்றரை வருஷம் கோர்ட்டுக்கு அலைந்தார்கள். அந்தப் பையன்களில் ஒருவனுக்கு அப்போதுதான் அரசு வேலைக்கான சரிபார்ப்பு வந்திருந்தது. அவன் அம்மா வராந்தாவில் உட்கார்ந்திருந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. தயவுசெய்து யாரும் இனி அந்த இடத்துக்குக் கும்பலாகப் போகாதீர்கள்.

சரி, இப்போது உங்கள் பிரச்சினை. மூன்று துறைகளும் உங்களைப் பந்தாடுவதற்குக் காரணம், அந்தச் சமதளம் யாருடைய நிலம் என்று எந்தக் காகிதத்திலும் நீங்கள் காட்டவில்லை. அதை முதலில் முடியுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அந்த இடத்தின் புல எண்ணைக் கேட்டு, அ-பதிவேட்டில் (கிராமத்து நிலங்களின் வருவாய்ப் பதிவேடு) என்ன வகைப்பாடு என்று பாருங்கள். புலப்பட நகலும் வாங்குங்கள். வருவாய்க் கணக்கில் இல்லையென்றால் பெரும்பாலும் காப்புக்காடாக இருக்கும். அப்போது மாவட்ட வன அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு போடுங்கள்: ‘இந்தச் சாலையின் இத்தனையாவது கிலோமீட்டரில் ஓடையை ஒட்டிய நிலம் காப்புக்காட்டு எல்லைக்குள் வருகிறதா, அங்கே முகாமிட யாருக்காவது அனுமதி கொடுத்திருக்கிறீர்களா?’ 30 நாளில் பதில் தர வேண்டும். ‘அனுமதி இல்லை’ என்று ஒரு வரி எழுத்தில் வந்துவிட்டால், அதன் பிறகு யாரும் உங்களை வேறு துறைக்குப் போகச் சொல்ல முடியாது.

காப்புக்காடு என்று உறுதியானால், உங்களுக்குச் சட்டம் பலமாகவே இருக்கிறது. தமிழ்நாடு வனச் சட்டம் 1882-இன் 21-வது பிரிவு, காப்புக்காட்டுக்குள் அத்துமீறி நுழைவதையும், வன அலுவலர் அனுமதித்த காலமும் முறையும் தவிர வேறு விதத்தில் தீ மூட்டுவதையும், தீயை எடுத்துச் செல்வதையும்கூட குற்றமாக்குகிறது. சாலையில் பயணம் செய்ய எல்லோருக்கும் உரிமை உண்டு. சாலையை விட்டு இறங்கிக் காட்டுக்குள் டென்ட் அடிப்பது பயணம் ஆகாது. அந்த இடம் சரணாலயத்துக்குள் வந்தால் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்கிறது. அதன் 27-வது பிரிவு, சரணாலயத்தில் குப்பை போடக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. தீ வைப்பதை 30-வது பிரிவு தடுக்கிறது. 51-வது பிரிவின்படி தண்டனை 3 ஆண்டு வரை போகலாம். குற்றத்துக்குப் பயன்பட்ட வாகனத்தையும் கைப்பற்ற வன அலுவலருக்கு 50-வது பிரிவு அதிகாரம் தருகிறது. வண்டி போய்விடும் என்ற பயம் ஆயிரம் ரூபாய் அபராதத்தைவிடப் பெரியது.

அதனால் மனு எழுதும்போது சத்தத்தைப் பின்னால் வையுங்கள், தீயை முன்னால் வையுங்கள். பெரும்பாலும் எல்லோரும் ‘தூங்க முடியவில்லை, அசிங்கமாகப் பேசுகிறார்கள்’ என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். உண்மைதான், ஆனால் அது அதிகாரியை நகர்த்தாது. 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்த ஆண்டே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தத் தனி விதிகள் வந்தன. தீ என்று எழுத்தில் வந்த புகாரைக் கிடப்பில் போட எந்த ரேஞ்சரும் யோசிப்பார். அணைக்காமல் விட்ட கட்டையின் படம், பக்கத்தில் காய்ந்த புல், தேதி, நேரம். இது போதும்.

இரண்டாவது, உடைந்த கண்ணாடி. உடைந்த பாட்டில் யானையின் பாதத்தில் ஏறினால் அந்த யானை நடக்க முடியாமல், ஆறாத புண்ணோடு கிடக்கும். சென்னை உயர் நீதிமன்றம் இதை மிகக் கவலையோடு எடுத்துக்கொண்டதால்தான் 2022-இல் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்தைத் தரும் திட்டம் வந்தது. உங்கள் மனுவில் யானை இறங்கும் வழியையும் பாட்டில் கிடக்கும் இடத்தையும் ஒரே வரைபடத்தில் குறித்துக் காட்டுங்கள். கையால் வரைந்ததே போதும்.

போலீஸ் ஏன் கை கட்டி நிற்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பொதுத்தொல்லைக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 292-வது பிரிவு, தண்டனை 1,000 ரூபாய் அபராதம் மட்டும். பொது இடத்தில் குடித்துவிட்டுத் தொல்லை செய்வதற்கு 355-வது பிரிவு. 24 மணி நேர வெறுங்காவல், அல்லது 1,000 ரூபாய், அல்லது சமூக சேவை. இரண்டும் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத வகை. அதனால் சி.எஸ்.ஆர். ரசீதோடு (புகார் வந்தது என்பதற்கான ஒப்புகை) அனுப்பிவிடுவார்கள். ஆனால் ஆபாசமாகக் கத்துவதும் பாடுவதும் 296-வது பிரிவு, தீயைக் கவனக்குறைவாகக் கையாள்வது 287-வது பிரிவு. இவை இரண்டிலும் போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போடலாம். புகாரில் இந்த இரண்டு நடத்தைகளையும் தனித்தனியாக, யார், எப்போது, என்ன செய்தார்கள் என்று எழுதுங்கள். குடித்துவிட்டு மலைப்பாதையில் வண்டி எடுத்துக் கிளம்பினால் 100-க்கோ 112-க்கோ உடனே போன். அது மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவு. முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

ஆதாரம் சேர்ப்பதில் ஒரு எச்சரிக்கை. சாலையில் நின்று வண்டி எண், தீ, குப்பை எல்லாவற்றையும் படம் எடுக்கலாம். டென்ட்டுக்குள் எட்டிப் பார்த்தோ, பெண்களைக் குறிவைத்தோ எடுக்கக் கூடாது. அது உங்களைத்தான் மாட்டிவிடும். எடுத்த வீடியோவை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டு ‘இவர்களைப் பாருங்கள்’ என்று எழுதாதீர்கள். போனில் அசல் கோப்பு அப்படியே இருக்கட்டும். இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-வது பிரிவின்படி மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் தர வேண்டியிருக்கும். வாட்ஸ்அப்பில் சுற்றிய நகலைவிட அசல்தான் அப்போது நிற்கும்.

வாரம் ஒரு கும்பல் மாறி மாறி வரும்போது ஆளுக்கு ஒரு வழக்கு போட்டு முடியாது. இடத்தைத்தான் மூட வேண்டும். அதற்கு மாவட்ட ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 163-வது பிரிவில் தடை உத்தரவு கேளுங்கள். நாம் 144 என்று சொல்லிப் பழகியது இதுதான். ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும் பொதுமக்கள் அனைவருக்கும் சேர்த்தே அந்த உத்தரவைப் போடலாம். 2 மாதம்தான் நிற்கும்; அரசு நினைத்தால் மேலும் 6 மாதம் வரை நீட்டிக்கலாம். கோடையில் தீக் காலம் தொடங்கும் முன்பே இதைக் கேட்பது நல்லது. அதே மனுவில் அந்தச் சமதளத்துக்கு வண்டி இறங்காதபடி பாறாங்கல் போடவும் எச்சரிக்கைப் பலகை வைக்கவும் வனத்துறையைக் கேளுங்கள். நான் பார்த்தவரை, நான்கு பாறாங்கல் செய்கிற வேலையைப் பத்து வழக்குகள் செய்வதில்லை.

அப்புறம், இவர்களுக்கு டென்ட் வாடகைக்கு விட்டு, இடம் காட்டி அனுப்புகிறவர் பக்கத்தில் எங்காவது இருப்பார். விசாரித்துப் பாருங்கள். அப்படி ஒருவர் கிடைத்தால், பொதுத்தொல்லையை நீக்கச் சொல்லி அதே சுரக்ஷா சன்ஹிதாவின் 152-வது பிரிவில் கோட்டாட்சியர் அவருக்கு நேராகவே உத்தரவு போடலாம்.

கிராம சபையை விட்டுவிடாதீர்கள். ஒரு தீர்மானம் நிறைவேற்றி எல்லா மனுவோடும் இணையுங்கள். உங்கள் ஊரில் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் உரிமை பெற்றவர்கள் இருந்தால் இன்னும் நல்லது. அந்தச் சட்டத்தின் 5-வது பிரிவு காட்டையும் வன உயிர்களையும் நீர்நிலையையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கே கொடுத்திருக்கிறது.

இவ்வளவும் செய்து இரண்டு மாதத்தில் அசைவு இல்லையென்றால், சென்னையில் உள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போகலாம். பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம் என்று அந்தத் தீர்ப்பாயச் சட்டத்தின் 14-வது பிரிவில் காலவரம்பு உண்டு. அதனால் முதல் மனுவின் ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவும் போடலாம். அங்கே நீதிபதி முதலில் கேட்பது ‘அதிகாரிக்கு எப்போது மனு கொடுத்தீர்கள்?’ என்பதுதான்.

அந்தக் கார் சாவி இன்னும் உங்கள் பையன்களிடம் இருந்தால், இன்றைக்கே ஒரு பெரியவரோடு போய் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து ஒப்படையுங்கள். ரசீது வாங்காமல் வராதீர்கள். அன்று இரவு அங்கே என்ன நடந்தது, தீ எங்கே எரிந்தது என்பதையும் அதே காகிதத்தில் எழுதுங்கள். 126-வது பிரிவு ஜாமீனில் விடக்கூடியது, விசாரணைக்குக் கூப்பிட்டால் பயப்படாமல் போகலாம். ஆனால் யாரும் தனியாகப் போக வேண்டாம், ஒரு வக்கீலோடு போங்கள்.