மார்ச்சில் காலி செய்துவிட்டு ஜூனில் கைமாற்று வாங்குவது ஏன்?

கேள்வி: எங்கள் அறக்கட்டளை மாலைநேரப் படிப்பகம் நடத்துகிறது. ஆண்டு நன்கொடை சுமார் 12 லட்சம். சம்பளம், வாடகை, கரண்ட் எல்லாம் சேர்ந்து மாதம் 84,000. வரி வருமோ என்று மார்ச்சில் மிச்சத்தையெல்லாம் செலவழித்துவிடுகிறோம். ஜூன், ஜூலையில் சம்பளத்துக்குக் கைமாற்று. பணம் சேர்த்து வைக்கலாமா?

பதில்: தாராளமாக. வருமான வரித்துறைப் பதிவுள்ள அறக்கட்டளை, ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்குச் செலவழித்தால் போதும். மீதி 15 சதவீதத்தை வைத்துக்கொள்ளலாம். உங்களுக்கு அது ரூ.1,80,000. மாதச் செலவே ஆண்டுக்கு 10,08,000 ஆகிறது. இன்னும் 12,000 ரூபாய்க்கு நோட்டுப் புத்தகம் வாங்கினால் 85 சதவீதம் முடிந்தது. பணத்தைக் காலி செய்ய மார்ச்சில் பீரோ வாங்கவேண்டிய அவசியமே இல்லை. அதிலும், மார்ச்சில் பில் போட்டு ஏப்ரலில் பணம் கொடுத்தால் அது அந்த ஆண்டுச் செலவாகாது. ஆடிட் அறிக்கையும் ரிட்டர்னும் மட்டும் கெடுவுக்குள் போகவேண்டும். தவறினால் வரிவிலக்கே கைவிட்டுப் போகலாம்.

மூன்று மாதச் செலவு, அதாவது 2,52,000, உங்கள் இலக்கு. இந்த மார்ச்சில் 84,000 வீதம் இரண்டு டெபாசிட், அடுத்த மார்ச்சில் மூன்றாவது. ஒரே டெபாசிட்டாகப் போட்டால் ஒரு மாதச் சம்பளத்துக்காக மொத்தத்தையும் முறிக்க நேரும். ஷெட்யூல்டு வங்கியிலோ (ரிசர்வ் வங்கிப் பட்டியலில் உள்ள வங்கி) தபால் நிலையத்திலோ மட்டும் போடுங்கள். 'நம்ம ஆள்தானே' என்று நிர்வாகி நடத்தும் சீட்டில் போட்டால் வரிவிலக்குக்கே ஆபத்து.

பாஸ்புக் இருப்பைப் பார்த்து ஏமாறுவதுதான் பல இடங்களில் கைமாற்றுக்கு ஆரம்பம். கம்ப்யூட்டர் வாங்க ஒருவர் தந்த 2 லட்சமும் அதே கணக்கில் கிடக்கும். சம்பளத்துக்கு எடுத்துவிட்டு, கம்ப்யூட்டர் எங்கே என்று அவர் கேட்கும்போது விழிப்பார்கள். மாதக் கடைசியில் வங்கி இருப்பிலிருந்து இப்படிக் குறித்த பணிக்கு வந்த தொகையையும் கொடுக்கவேண்டிய பாக்கியையும் கழியுங்கள். மிஞ்சுவதே உங்கள் பணம்.

மூலதன நிதியாக, அதாவது அசலைத் தொடாமல் வைத்திருக்கவேண்டிய நன்கொடையாகத் தர யாராவது முன்வந்தால், அப்படிக் குறிப்பிட்டுக் கடிதம் வாங்கித் தனி டெபாசிட்டில் போடுங்கள். வட்டியைச் சம்பளத்துக்கு எடுக்கலாம், அது அந்த ஆண்டு வருமானமாகக் கணக்கில் வரும். அசலை எடுத்துச் செலவழித்தால் அது 85 சதவீதத்தில் சேராது.

டெபாசிட்டை எப்போது முறிக்கலாம், எத்தனை மாதத்துக்குள் திரும்ப நிரப்பவேண்டும் என்பதை அறங்காவலர் கூட்டத் தீர்மானமாக மினிட் புத்தகத்தில் இப்போதே எழுதி வையுங்கள்.