பத்திரிகைக்காரரைக் காணோம்

அன்புள்ள ஐயா,

உங்கள் பேச்சைக் கேட்டு ஸ்வீடன் தம்பதி மாய் ஷோவால், பெர் வாலூ எழுதிய 'தி மேன் ஹூ வென்ட் அப் இன் ஸ்மோக்' படித்தேன். ஹங்கேரியின் புடாபெஸ்டில் ஒரு ஸ்வீடன் பத்திரிகைக்காரர் காணாமல் போகிறார். தேடப் போன ஸ்வீடன் போலீஸ் அதிகாரி மார்ட்டின் பெக் பாதி நாவல் வரைக்கும் நடக்கிறார், சாப்பிடுகிறார், குளிக்கிறார். இதில் என்ன இருக்கிறது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் ஒரு சின்னத் திருத்தம். அவர்கள் தம்பதி இல்லை. சேர்ந்து வாழ்ந்தார்கள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு ராத்திரியில் ஆளுக்கொரு அத்தியாயமாக எழுதுவார்கள். 1965 முதல் 1975 வரை பத்து நாவல்கள். நீங்கள் படித்தது இரண்டாவது, 1966இல் வந்தது.

அலுப்பாக இருந்ததா? இருக்கும்தான். அந்த அலுப்பு பெக்குடையது. குடும்பத்தோடு தீவில் விடுமுறையைத் தொடங்கிய கையோடு அவரைத் திரும்பக் கூப்பிடுகிறார்கள். புடாபெஸ்டில் அவருக்கு அதிகாரம் இல்லை, மொழி தெரியாது, பிணமும் இல்லை. குற்றம் நடந்ததா என்பதே சந்தேகம். பெட்டி விடுதியில் இருக்கிறது, ஆளைக் காணோம். அவர் வேறு என்னதான் செய்வார்?

எனக்கு இதில் பிடித்தது வேறு. 1926இல் அகதா கிறிஸ்டி 11 நாள் காணாமல் போனபோது இங்கிலாந்தே திரண்டு தேடியது. இங்கே காணாமல் போன பத்திரிகைக்காரர் ஆல்ஃப் மாட்சனை உண்மையில் யாரும் தேடவில்லை. பத்திரிகைக்கு ஒரு பரபரப்புச் செய்தி வேண்டும். வெளியுறவுத் துறைக்கோ இது இன்னொரு வாலன்பெர்க் விவகாரமாகிவிடக் கூடாது என்ற பயம். (யூதர்களைக் காப்பாற்றிய ஸ்வீடன் தூதரக அதிகாரி ரவுல் வாலன்பெர்க் 1945 ஜனவரியில் சோவியத் படையிடம் சிக்கியதும் இதே புடாபெஸ்டில்தான். திரும்பி வரவேயில்லை.) விசாரிக்க விசாரிக்க மாட்சன் குடிகாரர், வம்புக்காரர் என்று தெரிகிறதே தவிர, அவருக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட ஆளில்லை. வாலூவும் பத்திரிகைக்காரர்தான். 1957இல் சர்வாதிகாரி பிராங்கோவின் ஸ்பெயினிலிருந்து வெளியேற்றப்பட்டவர். சொந்தத் தொழில்காரர்களை இவ்வளவு இரக்கமில்லாமல் எழுத உள்ளே இருந்து பார்த்தவரால்தான் முடியும்.

குளிக்கிறார் என்று ஒரே சொல்லில் தாண்டிவிட்டீர்கள். குளியலகத்தில் பெக்கும் ஹங்கேரி அதிகாரி ஸ்லூகாவும் பேசுவதை இன்னொரு தடவை படியுங்கள். பனிப்போர்க் காலம். கம்யூனிஸ்ட் நாட்டுப் போலீஸ் என்றாலே வில்லன் என்று மேற்கத்திய உளவு நாவல்கள் எழுதிக்கொண்டிருந்தபோது, இங்கே இரண்டு போலீஸ்காரர்கள் சீருடை இல்லாமல் தொழில் பேசுகிறார்கள். ஸ்லூகா நல்ல மனிதர், கெட்டிக்காரரும்கூட. முடிவைச் சொல்லமாட்டேன், மற்றவர்களும் படிக்கட்டும்.

சரி, வேகம்தான் வேண்டுமென்றால் இதே வரிசையில் 'தி லாஃபிங் போலீஸ்மேன்' எடுங்கள். ஆரம்பத்திலேயே ஸ்டாக்ஹோம் பஸ் ஒன்றில் ஒன்பது பேரைச் சுட்டுவிடுகிறார்கள். அதுவும் மெதுவாகப் போகிறது என்றால் அப்புறம் எழுதுங்கள்.