அண்ணாச்சி, அந்த முன்பணத்தைக் கட்டாதீர்கள்

வள்ளியூர்ப் பக்கம் இரும்புக்கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி, போன வாரம் மனைவியோடும் பிளஸ் டூ முடித்த மகனோடும் என்னைப் பார்க்க வந்தார். குவைத் எண்ணெய் வயலில் இருபது ஆண்டாக வேலை பார்க்கும் தாய்மாமா, மருமகனைப் பெட்ரோலியம் இன்ஜினீயரிங்கில்தான் சேர்க்க வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறாராம். தனியார் கல்லூரி, நிர்வாக ஒதுக்கீட்டு இடம், விடுதியோடு சேர்த்து நான்கு ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய். வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்டியாக வேண்டும். மனையை அடமானம் வைக்கப் பேச்சு நடக்கிறது. அண்ணாச்சி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "எண்ணெய் இன்னும் எத்தனை வருஷத்துக்கு இருக்கும்?" நேரில் பாதிதான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

அண்ணாச்சி, எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று சொல்லி உங்களை அனுப்பிவைக்க எனக்கு மனமில்லை. நீங்கள் கேட்ட அதே கேள்விக்கு விடை தேடி ஆண்டுதோறும் மாநாடு கூட்டியவர்கள் இருக்கிறார்கள். எண்ணெய் உற்பத்தி எப்போது உச்சம் தொட்டு இறங்கும் என்று ஆராயும் ஆஸ்போ என்ற அமைப்பு, 2002இல் ஸ்வீடனின் உப்சாலாவில் முதலில் கூடியது. பிறகு பாரிஸ், பெர்லின், லிஸ்பன், பீசா, 2007இல் அயர்லாந்தின் கார்க் என்று ஊர் ஊராக நடந்தது. அதைத் தொடங்கிவைத்த காலின் கேம்ப்பெல், எண்ணெய் நிறுவனங்களிலேயே வாழ்நாளைக் கழித்த நிலவியலாளர். இவர்களுக்கெல்லாம் முன்னோடியான அமெரிக்க நிலவியலாளர் ஹப்பர்ட், அமெரிக்க உற்பத்தி 1970 வாக்கில் உச்சம் தொடும் என்று 1956லேயே சொன்னார். அப்படியே நடந்தது. அந்தத் தெம்பில் உலகத்துக்கும் நாள் குறித்தார்கள்.

2008 ஜூலையில் பீப்பாய் 147 டாலரைத் தொட்டபோது அவர்கள் சொன்னது பலித்துவிட்டது போலத்தான் இருந்தது. அதே டிசம்பரில் 40 டாலருக்கும் கீழே விழுந்தது. அடுத்து ஷேல் பாறையை உடைத்து எண்ணெய் எடுக்கும் முறை பரவி, 2018இல் அமெரிக்கா தன் 1970ஆம் ஆண்டுச் சாதனையையே தாண்டிவிட்டது. தலை நரைத்த நிலவியலாளர்களாலேயே நாள் குறிக்க முடியாத ஒரு பொருளை நம்பி, பதினேழு வயதுப் பையனின் நாற்பது ஆண்டு உழைப்பையும் உங்கள் மனையையும் பணயம் வைக்கலாமா?

எண்ணெய் தீர்ந்துவிடும் என்று நான் பயமுறுத்தவில்லை. மாமா ஓய்வு பெற்ற பிறகும் குவைத்தில் எண்ணெய் இருக்கும். ஆபத்து விலையில்தான் இருக்கிறது. 2014 நடுவில் 100 டாலருக்கு மேல் இருந்த விலை, 2016 ஜனவரியில் 30க்குக் கீழே போனது. உலகெங்கும் லட்சக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அந்த ஆண்டு பெட்ரோலியம் படித்த ஒரு பையன், நியமனக் கடிதத்தையும் அதை ரத்து செய்த கடிதத்தையும் ஒரே உறையில் போட்டு எடுத்துவந்து என் மேசையில் வைத்தான். அவன் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. 2020 ஏப்ரலில் அமெரிக்க எண்ணெயின் முன்பேர விலை ஒருநாள் பூஜ்யத்துக்கும் கீழே இறங்கியது. அடமானத்துக்குக் கட்டும் வட்டி அப்படி இறங்காது.

உங்கள் மகன் கொண்டுவந்த நீல அட்டை நோட்டை நீங்கள் பிரித்துப் பார்த்தீர்களா? வீட்டு மொட்டைமாடியிலிருந்து தெரியும் காற்றாலைகளில் எத்தனை சுற்றுகின்றன என்று ஒரு வருடமாகக் காலையும் மாலையும் எழுதி வைத்திருக்கிறான். ஓரிடத்தில் இப்படி இருக்கிறது: "மாலை 6.40. எல்லாம் நின்றுவிட்டது. ஊரில் கரண்ட் போகவில்லை. ஏன்?" அந்த 'ஏன்' என்ற சொல்லை இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறான்.

அந்தக் கேள்வியே முழுநேர வேலையாக இருக்கும் இடம் ஒன்று உண்டு. லோட் டெஸ்பாட்ச் சென்டர், அதாவது மின்சாரத்தின் வரவையும் செலவையும் நொடிக்கு நொடி சரிக்கட்டும் கட்டுப்பாட்டு அறை என்பார்கள். மாநிலத்துக்கு ஒன்று சென்னையில், தென்மண்டலத்துக்கு பெங்களூரில், நாட்டுக்கு டெல்லியில். அங்கே ஒரு நாள் என்பது பதினைந்து பதினைந்து நிமிடமாக 96 துண்டுகள். ஒவ்வொரு துண்டிலும் எந்த மின்நிலையம் எவ்வளவு தர வேண்டும் என்று முன்கூட்டியே அட்டவணை போடுவார்கள். சுவரில் ஒளிரும் எண் மின்சாரத்தின் அதிர்வெண். அது 50 ஹெர்ட்ஸை ஒட்டியே நிற்க வேண்டும். உற்பத்தியை மிஞ்சித் தேவை ஏறினால் எண் இறங்கும். தமிழ்நாட்டில் காற்றாலைத் திறன் மட்டும் 10,000 மெகாவாட்டுக்கு மேல். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று சட்டென்று ஓய்ந்தால், அனல் நிலையத்துக்கு ஆணை போகும். வால்பாறை மலையில் 400 மெகாவாட் காடம்பாறை நிலையத்தில், முன்பே மேல் அணைக்கு ஏற்றிவைத்த தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். உங்கள் ஊரில் விளக்கு அணையாததற்குக் காரணம் இதுதான்.

இது தவறினால் என்ன ஆகும் என்பதை 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா பார்த்தது. இரண்டாம் நாள் சுமார் 60 கோடி மக்கள் வாழும் பகுதி இருண்டது. அப்போது தென்னகத்தின் மின்கட்டமைப்பு தனியாக ஓடியதால் நாம் தப்பித்தோம். 2013 டிசம்பர் 31இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் உயரழுத்தப் பாதை வழியாக அதுவும் நாட்டின் மற்றக் கட்டமைப்போடு இணைந்துவிட்டது. காற்றும் சூரியஒளியும் பெருகப் பெருக இந்தக் கட்டுப்பாட்டு அறையின் வேலை கடினமாகிக்கொண்டே போகிறது. எண்ணெய் எந்த ஆண்டு உச்சம் தொட்டாலும் இந்த வேலை இருக்கும்.

இதற்குப் படிக்க வேண்டியது கம்ப்யூட்டர் மோகத்தில் எல்லோரும் தள்ளிவிட்டுப் போகும் இ.இ.இ. என்ற மின், மின்னணுப் பொறியியல் படிப்புதான். உங்கள் வீட்டிலிருந்து பஸ் தூரத்தில், திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியிலேயே அது இருக்கிறது. குடும்பத்தில் இவன்தான் முதல் பட்டதாரி. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் சேர்ந்தால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் அது கிடையாது. மூன்றாம் ஆண்டிலேயே, பொறியியல் பட்டதாரிகளுக்கான தேசியத் தகுதித் தேர்வான கேட் தேர்வுக்குத் தயாராகட்டும். மண்டல, தேசிய மையங்களை நடத்தும் பொதுத்துறை நிறுவனமான கிரிட் இந்தியா அந்த மதிப்பெண்ணை வைத்து ஆள் எடுத்திருக்கிறது. காற்றாலை உரிமையாளர்களுக்காக நாளைய காற்றை முன்கணித்து அட்டவணை தயாரித்துக் கொடுக்கும் தனியார் நிறுவனங்களும் இருக்கின்றன. நீல நோட்டை அங்கே காட்டினாலே பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்வார்கள் என்பது என் நம்பிக்கை. குறையையும் சொல்லிவிடுகிறேன்: இரவுப்பணி உண்டு, தீபாவளியன்றும் பணி உண்டு, அரசு இடங்கள் குறைவு, குவைத் சம்பளம் வராது. இதையெல்லாம் பையனிடமும் சொன்னேன். "இரவில் காற்று எப்படி இருக்கும் என்று பார்க்கலாம் அல்லவா?" என்று கேட்டான்.

வெள்ளிக்கிழமை பணம் கட்டாதீர்கள். கலந்தாய்வு விருப்பப் பட்டியலை அவனே நிரப்பட்டும். சமர்ப்பிக்கும் முன் ஒருமுறை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். மனைப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். மைத்துனரிடம் எப்படிச் சொல்வது என்று அக்கா தயங்கினார்கள். அவருடைய எண்ணைக் கொடுங்கள், குவைத் நேரம் பார்த்து நானே பேசுகிறேன்.