தரம் ஒண்டில இருந்து அஞ்சு வரைக்கும்: கேளுங்கோ, தெரிஞ்சதைச் சொல்றன்

வணக்கம். திருகோணமலையில ஆரம்பப் பிரிவு ரீச்சரா இருபத்தெட்டு வருசம் இருந்திட்டுப் போன வருசம் பென்சன் எடுத்தனான். அதுல பாதி தரம் ஒண்டுதான். வகுப்புப் பழக்கவழக்கம், பெற்றார் செய்யவேண்டியது, செய்யக்கூடாதது எல்லாம் கேக்கலாம் எண்டு மத்தியானம் ஒரு போஸ்ட் போட்டன், ரீ ஊத்திக்கொண்டு வந்து பாத்தா கேள்வி குவிஞ்சு கிடக்கு. எல்லாத்துக்கும் பதில் வராது. எந்தப் பள்ளிக்கூடம் நல்லம், எந்த ரீச்சர் நல்லம், அட்மிசனுக்கு ஆரைப் பிடிக்கிறது, இந்த மூண்டையும் தயவுசெய்து கேக்காதீங்கோ.

உப்புவெளி அம்மா: மகன் ஜனவரில தரம் 1 போறான். நேசறி ரீச்சர் சொல்றா எழுத்து முழுக்கத் தெரியாம விட்டா பின்தங்கிடுவானாம். இப்பவே ரியூசன் விடவா?

விடாதீங்கோ தங்கச்சி. 1999ல இருந்து நாடு முழுக்க இருக்கிற ஒழுங்கு என்னெண்டா, தரம் 1, 2ல விளையாட்டுக்குத்தான் கூட இடம், பிறகு செய்து பாக்கிறது, கடைசியாத்தான் மேசையில இருந்து எழுதுறது. தரம் 3, 4ல மூண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு, தரம் 5லதான் எழுத்துவேலை முன்னுக்கு வரும். எழுத்துப் படிப்பிக்கத்தானே ரீச்சரை வச்சிருக்கு, நீங்க அதையும் செய்து அனுப்பினா அந்தப் பிள்ளை முதல் மூண்டு மாசமும் வகுப்பில அலுத்துப்போய் பக்கத்தில இருக்கிறவனைக் கிள்ளிக்கொண்டிருக்கும், நான் கண்டிருக்கிறன்.

நீங்க பழக்கவேண்டியது வேற. காற்சட்டைப் பொத்தான் தானா கழட்டிப் பூட்டுறது, கக்கூசுக்குப் போய்க் கழுவிட்டு வாறது, சப்பாத்து போடுறது, தன்ட முழுப்பேர், அம்மான்ட போன் நம்பர். சாப்பாட்டுப் பெட்டி திறக்கிறது. இதைச் சின்ன விசயமா நினைக்காதீங்கோ, ஒரு பிள்ளை நாலு நாளாச் சாப்பிடாமப் பெட்டியை மடியில வச்சுக்கொண்டிருந்தது, பசிக்கேல்லை எண்டு நான் நினைச்சன், அஞ்சாம் நாள்தான் விளங்கினது அந்த நாலு பக்கமும் கிளிப் போட்ட பெட்டி, பிள்ளைக்குத் திறக்க ஏலாது, கேக்க வெக்கம். வீட்டில ஒரு கிழமை அதே பெட்டியில வச்சுச் சாப்பாடு குடுங்கோ.

அப்பிடியே எல்லாத்திலையும் பேர் எழுதுங்கோ. பெட்டி, மூடி, தண்ணிப் போத்தல், குடை, தொப்பி. மூடிக்கும் தனியா.

பேர் போடாத ஒருவர்: பெப்ரவரி 3ல பிறந்த பிள்ளை, மூண்டே மூண்டு நாள்தானே குறையுது, தரம் 1க்கு எடுப்பாங்களா?

ஜனவரி 31க்கு அஞ்சு வயசு முடிஞ்சிருக்கோணும். அடுத்த வருசம்.

பாலையூற்று அப்பா: மகள் அழுவாள் எண்டு பயமா இருக்கு ரீச்சர். முதல் கிழமை மட்டும் யன்னல் பக்கம் நிக்கலாமா, அவள் என்னைக் கண்டா ஆறுதலா இருப்பாள்.

தம்பி, உங்களைக் கண்டாத்தான் அழுவாள். கேற்றோட நில்லுங்கோ. நான் சொல்லுறது கண்டிப்பா இருக்கும், ஆனா பாருங்கோ, அழுகிற பிள்ளை பத்து நிமிசத்தில பக்கத்தில இருக்கிறதின்ட பென்சிலைப் பாத்து அடங்கிடும், அந்த நேரம் பாத்து யன்னல்ல ஒரு தலை தெரியும், அவ்வளவுதான், அந்தப் பிள்ளையோட சேந்து மற்ற முப்பதும் தொடங்கும். கேற்றில நிண்டு "பெல் அடிச்ச உடன அப்பா இதில நிப்பன்" எண்டு சொல்லிட்டு, உண்மையா அதே இடத்தில நில்லுங்கோ. தரம் 1 எல்லாருக்கும் முதல் விடும், அண்டைக்கு நீங்க பிந்தி வந்தா அதைத்தான் பிள்ளை ஞாபகம் வச்சிருக்கும்.

உவர்மலை அம்மா: என்ன சாப்பாடு குடுத்துவிட? தினமும் சண்டை. றோல்ஸ், நூடில்ஸ் எண்டா சாப்பிடுவான்.

இடியப்பம், ரொட்டி, பாணும் முட்டையும், அவிச்ச கடலை, கவுப்பி, பயறு, ஒரு வாழைப்பழம். அளவைக் குறையுங்கோ, இன்ரவல் சின்னது, முக்கால்வாசி அம்மாமார் பெரிய ஆளுக்குக் கட்டுற மாதிரிக் கட்டுறாங்க. சோடா, பைக்கற் தீன் வேண்டாம், பள்ளிக்கூடக் கன்ரீனுக்கே அதுக்குக் கட்டுப்பாடு இருக்கு, பிறகு வீட்டில இருந்து வந்தா நாங்க என்னத்தைச் சொல்றது. மான் திரியிற கோட்டையடிப் பக்கம் நடந்து வாற பிள்ளைகள்ட அம்மாமாருக்குத் தனியா ஒண்டு: பெட்டி வெறுமையா வருது எண்டு சந்தோசப்படாதீங்கோ, மானுக்குப் போயிருக்கும். என்ட வகுப்பில ஒருத்தன் ஒரு தவணை முழுக்க ரொட்டியை மானுக்குக் குடுத்திட்டு வந்தவன், ஒருநாள் அவன்ட கணக்குக் கொப்பியின்ட மூலையையும் மான் திண்டுட்டு, அப்பதான் பிடிபட்டான். சொப்பிங் பேக்கில கட்டிவிட்டா அதையும் சேத்துத் திண்டு மானுகள் சாகுது. பெட்டியில போடுங்கோ, பேரெழுதுங்கோ.

மூதூர் உம்மா ஒருவர்: மகளுக்குக் கொப்பளிப்பான் வந்து ஆறு நாள், காய்ச்சல் விட்டிட்டு. அனுப்பவா?

காய்ச்சல் விட்டது காணாது. கொப்பளம் எல்லாம் காய்ஞ்சு பொருக்குக் கட்டோணும், புதுசா ஒண்டும் வரக்கூடாது, அதுக்குப் பிறகுதான். சந்தேகம் எண்டா டொக்டரிட்ட அல்லது எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிசில காட்டுங்கோ. எல்லாருக்கும் பொதுவா: காலமை பனடோல் குடுத்துக் காய்ச்சலைக் குறைச்சிட்டு அனுப்பாதீங்கோ, பத்து மணிக்குத் திரும்பக் கூடும், எங்களுக்குத் தெரியும் நீங்க குடுத்தது. பையில மருந்து வச்சுவிட்டு "ரீச்சர் குடுப்பா" எண்டு பிள்ளையிட்டச் சொல்லிவிடுறதும் கூடாது. கட்டாயம் குடுக்கவேண்டிய மருந்து, சாப்பாட்டு ஒவ்வாமை, இழுப்பு இருந்தா நேர வந்து எழுத்தில தாங்கோ.

சாம்பல்தீவு மருமகள்: மகன் இடக்கையால எழுதுறான். மாமி அடிச்சு மாத்தச் சொல்றா. ரீச்சர் மாத்துவாவா?

மாத்தக்கூடாது. மாத்தப் போனா எழுத்தும் பிந்தும், பிள்ளைக்கு எழுதுறதே வெறுத்துப்போகும். வகுப்பாசிரியையிட்டச் சொல்லி வாங்கின்ட (பெஞ்சின்ட) இடப்பக்க முனையில இருத்தச் சொல்லுங்கோ, நடுவில இருந்தா முழங்கை மற்றப் பிள்ளையோட முட்டும். கொப்பியைக் கொஞ்சம் வலப்பக்கம் சரிச்சு வைக்கப் பழக்குங்கோ. பென்சிலை நுனியில பிடியாம ஒரு விரல் மேல பிடிச்சா எழுதினதைப் பாக்கலாம், கையும் கறுக்காது. மாமிக்கு இப்பிடிச் சொல்லுங்கோ, சாப்பிடுறது சோத்துக்கையால சாப்பிடட்டும், பென்சில் பிள்ளை எடுத்த கையில இருக்கட்டும். சண்டையும் வராது.

நிலாவெளி அம்மா: முதல் நாள் வகுப்புக்குள்ள கொஞ்ச நேரம் இருக்கலாமா?

பாலையூற்றுத் தம்பிக்குச் சொன்னதுதான். வரவேற்பு நிகழ்வு முடிய, கேற்.

தரம் 3 அம்மா, டொக்கியார்ட் றோட்: சுற்றாடல் பாடத்துக்கு வீடு ஒண்டு செய்து கொண்டுவரச் சொன்னவங்க. மகள் நெருப்புப்பெட்டி ஒட்டித் தானே செய்தாள். மற்றதுகள் றெஜிபோமில (பாரமில்லாத வெள்ளை மட்டை) மாடி வீடு, உள்ளுக்கு பல்ப் எரியுது. இவள்ட வீட்டைப் பின்னுக்கு வச்சிட்டாங்களாம், வந்து அழுதவள். அடுத்தமுறை நாங்களும் செய்து குடுக்கிறதா?

குடுக்காதீங்கோ. தரம் 3 பிள்ளை பல்ப் போட்ட மாடிவீடு செய்யாது, அது செய்த தகப்பனுக்குத்தான் புள்ளி. நெருப்புப்பெட்டியை ஒட்டேக்க எந்தப் பக்கம் நிக்கும், எந்தப் பக்கம் சரியும் எண்டு உங்கட மகள் கண்டிருக்கிறாள், பாடமே அதுதான்.

*(இதுக்குக் கீழ அடிபாடு தொடங்கிட்டுது, முக்கியமானதை மட்டும் எடுத்துப் போடுறன்.)*

ஒரு அப்பா: நானும் பல்ப் போட்டுக் குடுத்த அப்பாதான் ரீச்சர். பிள்ளையோட இருந்து செய்தம், அதுவும் பிழையா?

பிள்ளை எதைச் செய்தது?

அதே அப்பா: பசை எடுத்துத் தந்தவன்.

சரி.

புத்தகக்கடை வச்சிருக்கிற ஒருவர்: எங்கட வயித்தில அடிக்காதீங்கோ. வீடு, எரிமலை, கைவேலை எல்லாம் ஓடருக்குச் செய்து குடுத்துத்தான் சீசனுக்கு நாலு காசு பாக்கிறம். கேக்கிறது பெற்றார்தானே.

தம்பி, நீங்க பசை, கலர்ப் பேப்பர், மட்டை வித்து நல்லா இருங்கோ. முடிஞ்ச வீட்டை விக்காதீங்கோ. ஒருமுறை என்ட வகுப்புக்கு ஒரே அச்சில அஞ்சு எரிமலை வந்தது, ஒண்டில விலைத்துண்டு கழட்டேல்லை.

இப்ப கடமையில இருக்கிற ரீச்சர் ஒருவர்: பெற்றாரை மட்டும் பேசுறீங்க. கல்வி வலய ஒபிசில இருந்து ஆசிரிய ஆலோசகர் வந்தா முதல்ல பாக்கிறது சுவரையும் மூலையையும்தான். நெருப்புப்பெட்டி வீடு சரிஞ்சு கிடந்தா "ரீச்சர் வேலை செய்யேல்லை". நீங்க பென்சன் எடுத்திட்டு லேசாச் சொல்லுறீங்க.

பிள்ளை, நீங்க சொல்லுறது சரி, எனக்குச் சுட்டுட்டுது. நானும் வச்சிருக்கிறன். வலயத்தில இருந்து வாறாங்க எண்டு அதிபர் சொன்ன அண்டைக்கு வடிவானதை எல்லாம் முன்னுக்கு இழுத்து வச்சு, பிள்ளைகள் தாங்களே செய்ததை அலுமாரிக்குப் பின்னால தள்ளினனான். அதில ஒண்டு களிமண் மாடு, மூண்டு கால், நாலாவது விழுந்திட்டு. அண்டைக்கு அந்தப் பிள்ளை ஒண்டும் சொல்லேல்லை. அடுத்த நாள் மாட்டை வீட்டை கொண்டுபோயிட்டுது. அதுக்குப் பிறகுதான் நான் "வகுப்பிலதான் செய்யிறது, வீட்டில இருந்து சாமான் மட்டும்" எண்டு மாத்தினது. ஒவ்வொண்டுக்கும் பக்கத்தில பிள்ளை சொன்னதை ஒரு துண்டில எழுதி ஒட்டிவிட்டன், "இது மழை வந்தா ஒழுகும் வீடு" எண்டெல்லாம் இருக்கும். பிறகு வந்த ஆலோசகர் அந்தத் துண்டுகளை நிண்டு வாசிச்சவர். எல்லாரும் வாசிப்பாங்க எண்டு சொல்லமாட்டன்.

அந்தப் புத்தகக்கடைக்காரர்: அப்ப களிமண் வித்தா சரியா?

சரி. அடுத்த கேள்வி.

ஒரு தகப்பன்: அடியாத மாடு படியாது. இப்ப ரீச்சர்மார் தொடுறதே இல்லை. "ரெண்டு போடுங்கோ" எண்டு நானே எழுதித் தந்தா அடிப்பீங்களா?

எழுதித் தந்தாலும் ஏலாது. 2005லயும் சுற்றறிக்கை வந்தது, 2016லயும் 12ஆம் இலக்கச் சுற்றறிக்கை வந்தது, உடல் தண்டனை இல்லை எண்டு. பெற்றார் அனுமதி எண்டு ஒண்டு அதில இல்லை. நான் வேலைக்கு வந்த புதுசில மேசையில பிரம்பு இருந்தது, பாவிச்சும் இருக்கிறன். பிரம்பைக் கண்டா வகுப்பு அமைதியா இருக்கும், படிக்கிறதால அமைதி இல்லை, பயத்தால. பிள்ளையை ஆராவது அடிச்சா முதல்ல அதிபரிட்டப் போங்கோ, மூடி மறைச்சா 1929க்கு எடுங்கோ, சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின்ட நம்பர். வீட்டில அடிக்கிறதுக்கும் அதே நம்பர்தான் தம்பி.

வகுப்புக் குறூப் அம்மா: ராத்திரி பத்தரைக்கு "நாளைக்கு என்ன கொப்பி" எண்டு குறூப்பில கேட்டன், ரீச்சர் பாத்திட்டுப் பதில் போடேல்லை.

நித்திரை கொண்டிருப்பா. ரைம்ரேபிளை அலுமாரிக் கதவில ஒட்டுங்கோ, பையைப் பின்னேரமே பிள்ளையை அடுக்கவிடுங்கோ. கொப்பியை விட்டிட்டு வந்தா ஒருநாள் பேச்சு வாங்கட்டும், அதுக்காக ஓட்டோவில கொண்டு வந்து குடுக்காதீங்கோ.

கிண்ணியா வாப்பா: வான் பிந்தினா பிள்ளையை வெளியில நிப்பாட்டுறாங்க.

ஏழரைக்குப் பள்ளிக்கூடம் எண்டா ஏழு பத்துக்கு நிண்டா நல்லம். ஆனா வான் பிந்தினதுக்குச் சின்னப் பிள்ளையை வெயிலில நிப்பாட்டுறது நியாயம் இல்லை, அது உங்களுக்கும் வான்காரருக்கும் இடையில பேசித் தீக்கவேண்டியது, அதிபரிட்டக் கதையுங்கோ. 2009ல கிண்ணியாப் பாலம் திறக்க முதல் பாதையில (ஆக்களை ஏத்தி இறக்கிற மிதவை) ஏறி வந்த ரீச்சர்மார் எங்களுக்கு முதல் வந்து நிண்டாங்கள், அது வேற கதை.

தரம் 3 அப்பா: புலமைப்பரிசிலுக்கு இப்பவே எந்த வகுப்பு நல்லம்?

தரம் 5ல ரெண்டு தாள், இருநூறு புள்ளி, வசதி குறைஞ்ச பிள்ளைக்கு உதவிப்பணமும் வேற பள்ளிக்கூடம் போக ஒரு வழியும். கட்டாயப் பரீட்சையும் இல்லை. தரம் 3 பிள்ளையைப் பின்னேரம் மூண்டு மணி வெயிலுக்குள்ள அதுக்கு அனுப்பாதீங்கோ. பின்னேரம் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ.

இன்னொருவர்: ரவுணில எந்தப் பள்ளிக்கூடம் நல்லம்?

மேல முதல் பந்தியை வாசியுங்கோ.

இன்னொருவர்: காதில தங்கத்தோடு போட்டு அனுப்பலாமா?

வேண்டாம். துலைஞ்சா ரீச்சர் தேடோணும்.

தரம் 1 அம்மா ஒருவர்: யன்னலால எட்டி ஒரு செக்கன் மட்டும்…

கேற்.

மட்கோ அம்மா: ரீச்சர், கடைசிக் கேள்வி. மகன்ட நீலத் தண்ணிப் போத்தல் துலைஞ்சு போச்சு. வகுப்பில கேட்டா அலுமாரியில பதினாலு நீலப் போத்தல் இருக்காம், எது எண்டு தெரியேல்லையாம். என்ன செய்யிறது?

பேர் எழுதினீங்களா?

மட்கோ அம்மா: இல்லை ரீச்சர்.